இரண்டு நீலத் தாள்கள்

என் கெமராப் பையின் பக்கப் பைக்குள் நாலாக மடித்த இரண்டு நீலக் கண்ணாடித் தாள்கள் இருந்தன. வெசாக் காலத்தில் விளக்குக் கூடு கட்டுவதற்குக் கடைகளில் சுருட்டி வைத்து விற்பார்களே, அந்தத் தாள்தான். பன்னிரண்டு வருடத்தில் மூன்று பைகள் மாற்றியிருக்கிறேன். பழைய பையைக் கவிழ்த்துக் கொட்டும்போதெல்லாம் பற்றரி, மெமரிக் கார்ட், லென்ஸ் துடைக்கும் துணி என்று ஒவ்வொன்றாகப் புதிய பைக்குப் போகும். கடைசியில் இந்தத் தாள்கள் மட்டும் மேசையில் கிடக்கும். எறிந்துவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன், கை வராது. ஒருமுறை மனைவி, “இது என்னத்துக்கு வெச்சிருக்கீங்க, புள்ளைகள்ட கொப்பிக்கு உறை போடவும் காணாதே” என்று கேட்டாள். வேலைக்குத் தேவைப்படும் என்று சொன்னேன். அதுவும் பொய்தான்.

மதுரங்குளிச் சந்தியில் எனக்கு ஒரு சிறிய ஸ்டூடியோ இருக்கிறது. அடையாள அட்டைப் படம், கல்யாண அல்பம் என்று வயிற்றுப்பாட்டுக்கு எல்லாம் செய்வேன். ஆனால் இந்தப் பக்கத்தில் எனக்கு இருக்கும் கொஞ்ச நஞ்சப் பெயர் மேடைப் படங்களால் வந்தது. பிளாஷ் அடிக்காமல் மேடையை எடுப்பேன். பிளாஷ் அடித்தால் நடிக்கிற பிள்ளையின் முகம் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிடும், பின்திரையில் கறுப்பாக நிழல் விழும், மினக்கெட்டுப் போட்ட மேடை வெளிச்சமெல்லாம் வீணாகும். அது இல்லாமல், இருக்கிற மங்கல் வெளிச்சத்திலேயே இமை மயிரை எண்ணும்படி எடுப்பதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. இருந்தது என்று சொல்வது பாதி உண்மைதான். இப்போதும் யாராவது ஆடிப்போன படத்தைக் கொண்டுவந்து காட்டினால் என் வாய் சும்மா இருக்காது.

அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வெளிச்சம் குறையக் குறைய கெமரா தன் கண்ணைக் கூடுதல் நேரம் திறந்து வைத்திருக்க வேண்டும். ஒரு வினாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் திறந்தால், நின்று பேசுகிற ஆள் தெளிவாக வருவார். முப்பதில் ஒரு பங்கு என்றால் முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பிடித்து, அதிர்ஷ்டத்தையும் துணைக்குக் கூப்பிட வேண்டும். பதினைந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டால், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகைதான் மிஞ்சும். ஆனாலும் எந்த நடிப்பிலும் ஆட்கள் அசையாமல் நிற்கும் ஒரு நொடி வரும். ஒரு சொல்லைச் சொல்வதற்குச் சற்று முன், அல்லது ஒரு செய்தியைக் கேட்டவுடன். நாடகத்தைக் காது கொடுத்துக் கேட்பவனுக்குத்தான் அந்த நொடி பிடிபடும். படம் எடுப்பதில் உள்ள இந்தச் சங்கதியை நான் சொல்லாமலே விளங்கிக்கொண்டவர் ஒரே ஒருவர். எல்லோரும் நாடக டீச்சர் என்று சொல்லும் அந்த டீச்சர்.

டீச்சர் மன்னார்ப் பக்கத்து ஆள். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம்களை வடக்கை விட்டு வெளியேறச் சொன்னபோது, பதினொரு வயதில் வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர். கிடுகுக் கொட்டிலில் இருந்து படித்து ஆசிரியையானார். கற்பிட்டி வீதியில் ஒரு பாடசாலையில் தமிழும் நாடகமும் படிப்பித்தார். என்னைவிட ஆறேழு வயது மூப்பு. ஆள் சிறிது, குரல் பெரிது. பாடசாலையில் மேடை விளக்கு வாங்க வழியில்லை என்று மூக்கால் அழுகிற ஆள் இல்லை. பெரிய பிஸ்கட் தகரத்தின் ஒரு பக்கத்தை வெட்டி உள்ளே பல்பைப் பூட்டுவார். ஒரு முழம் முன்னால் பலகைச் சட்டம் ஒன்றை நிறுத்தி, உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் அதில் நீலக் கண்ணாடித் தாளைக் கவ்வ வைப்பார். ஒரு தாள் போட்டால் பின்னேரம், இரண்டு போட்டால் மஃரிப் தொழுகைக்குப் பிந்திய மங்கல் நேரம், மூன்று போட்டால் நடுக்கடல். அப்படித்தான் அவருடைய கணக்கு.

தாளைக் கட்டிவிட்டு மண்டபத்துக்கு இறங்கி வந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மேடையைப் பார்ப்பார். “முழுக்கத் தொறந்து பார்த்தா கண்ணு ஏமாத்தும் தம்பி. பாதி மூடிப் பார்த்தாத்தான் வெளிச்சத்திட அளவு தெரியும்” என்பார். எங்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. நான் கெமராவால் அளந்து பார்ப்பதற்கு முன் அவர் கண்ணால் அளந்து எண்ணைச் சொல்லிவிடுவார். “இண்டைக்கு உங்களுக்கு முப்பதில ஒண்டுதான் கெடைக்கும்.” அளந்து பார்ப்பேன், முப்பதில் ஒன்றேதான் காட்டும். நான்கு வருடத்தில் ஒரு தடவைகூடக் கணக்குப் பிழைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. என் ஜப்பான் கெமராவை விற்றுவிட்டு டீச்சரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியலாம் என்று நான் பகிடி விட்டால், வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிப்பார். அந்தக் கண்ணில் அவருக்கு இருந்த பெருமை எனக்குத் தெரியும். என் பெருமையும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான், அதனால்தான் எங்களுக்கு ஒத்துப்போனது.

அந்த வருடப் பரிசளிப்பு விழாவுக்கு அவர் எழுதிய நாடகம் ஒரு வள்ளக்காரரைப் பற்றியது. ஊரை விட்டு ஓடுகிற சனங்களை ஏற்றிக்கொண்டு வருகிற கிழவர், நடுக்கடலில் தலைகளை எண்ணுகிறார். எண்ணிக்கை ஒன்று குறைகிறது. திரும்ப எண்ணுகிறார், திரும்பவும் குறைகிறது. நாடகம் முழுக்க அவ்வளவுதான். ஏழு பெண் பிள்ளைகள் நடித்தார்கள். வள்ளக்காரராக நடித்தவள் தரம் பதினொன்றில் படித்த ஒரு பிள்ளை. பஞ்சால் செய்த வெள்ளைத் தாடியும் தலைப்பாகையும் சாரமுமாக வந்தாள். ஒத்திகையில் அவள் விரலை நீட்டி எண்ணுவதை ஒரு தடவை பார்த்தேன். ஆறாவது தலையோடு விரல் அந்தரத்தில் நின்றுவிடும். அடுத்து எண்ண ஆள் இல்லை. ஒரு மூச்சு நேரம் விரலும் முகமும் அசையாது. நான் தேடித் திரிகிற நொடி இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

விழா நாள் பின்னேரம், பரிசு கொடுத்து முடிகிற நேரத்தில் டீச்சர் என்னிடம் வந்தார். “நாடகத்துக்கு பிளாஷ் அடிக்க வேணாம் தம்பி. இண்டைக்கு மூணு தாள் போட்டிருக்கேன், பதினஞ்சில ஒண்டுதான் கெடைக்கும். ஏலுமெண்டா எடுங்க, ஏலாட்டி விட்டுடுங்க.” அவ்வளவுதான் சொன்னார். எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் நான் ஏன் என்று கேட்பேன், கேட்டால் ஒரு வீட்டுக் கதையை அந்நிய ஆம்பிளையிடம் சொல்ல வேண்டி வரும். அடுத்தவர் வீட்டுச் சங்கதியை மூடி வைக்கிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் ஊறியது. அவரிடம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. ஆகவே அவர் என் தொழிலின் பாஷையிலேயே கதவைச் சாத்தினார். பதினைந்தில் ஒன்றுக்குப் படம் ஆடிப்போகும் என்று என்னிடமிருந்து கற்றுக்கொண்டவர் அவர். எனக்கோ காதில் விழுந்தது ‘ஏலாட்டி’ என்ற ஒரு சொல்தான். எனக்கு ஏலாதா?

டீச்சர் மேடையின் மறுபக்கம் பிள்ளைகளுக்குத் தாடி ஒட்டப் போய்விட்டார். மண்டபத்து ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டிருந்தார்கள். நான் நின்ற பக்கத்தில், மேடை விளிம்பில், வள்ளக்காரர் முகத்துக்கென்று கட்டிய விளக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அளந்தேன். பதினைந்தில் ஒன்று, டீச்சர் சொன்னது சொன்னதுதான். வெங்காயத் தோட்டங்களில் தண்ணி மோட்டர் ஓடுகிற நேரம், கரண்ட் இறங்கித்தான் வெளிச்சம் இவ்வளவு குறைந்திருக்கிறது, டீச்சர் நினைத்த அளவு இது இல்லை என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். சற்று முன் அவரே வாயால் அந்த எண்ணைச் சொல்லிவிட்டுப் போனதை மறப்பதற்கு எனக்கு அரை நிமிடமும் பிடிக்கவில்லை. கிளிப்பை நெகிழ்த்தி இரண்டு தாள்களை உருவினேன். மடித்துப் பையின் பக்கப் பைக்குள் செருகினேன். நாடகம் முடிந்ததும் திரும்ப மாட்டிவிடலாம் என்பது என் எண்ணம். மறுபடி அளந்தபோது அறுபதில் ஒன்று காட்டியது. டீச்சர் நாடகம் முடியும் வரை மறுபக்கத் திரைக்குப் பின்னால் பிள்ளைகளோடுதான் நிற்பார், அங்கிருந்து இந்த வெளிச்சத்தின் அளவு பிடிபடாது.

படம் வந்தது. நான் இந்தத் தொழிலில் எடுத்தவற்றில் அதற்கு நிகரானது இன்னும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தரத்தில் நின்ற விரல், பஞ்சுத் தாடியின் ஒவ்வொரு இழை, பின்னால் நீலமாகக் கரைந்து நிற்கும் ஆறு தலைகள். முகத்தை எடுக்கும்போது நமக்குக் கிட்ட உள்ள கண் தெளிவாக இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அவளுடைய இடது கண் அப்படி இருந்தது. கண்ணுக்கு மேலே புருவத்தை இரண்டாக வெட்டிய பழைய தழும்பும், அதில் தையல் போட்ட அடையாளமும்கூட அப்படியே இருந்தன. நாடகம் முடிந்ததும் சனம் மேடையில் ஏறிவிட்டது. யாரோ சட்டங்களைப் பிடுங்கி மூலையில் சாத்தினார்கள். தாளைப் பற்றி எனக்கு ஞாபகமே வரவில்லை. வீட்டுக்குப் போனதும் படத்தை என் ஸ்டூடியோவின் முகநூல் பக்கத்தில் போட்டு, பிளாஷ் இல்லாமல் எடுத்தது என்று கீழே எழுதினேன். இரண்டு நாள் என் போன் ஓயவில்லை. டீச்சரின் கண்ணில் மட்டும் அது படவில்லை, அவருக்கு அந்தக் காலத்தில் முகநூல் கிடையாது.

மூன்றாம் நாள் அந்தப் படம் சவூதியில் ஓர் அறையில் கைக்குக் கை மாறியது. லொறி ஓட்டுகிற நம் பக்கத்து ஆட்கள் ஆறேழு பேர் தங்கும் அறை. நம்ம ஊர் நாடகம், கிழவனாக நடித்தவரைப் பாருங்கள், என்ன நடிப்பு என்று ஒருவர் இன்னொருவருக்கு நீட்ட, அது அந்தப் பிள்ளையின் வாப்பாவின் கைக்கும் போனது. தாடியும் தலைப்பாகையும் அவரை ஏமாற்றவில்லை. மூன்று வயதில் கிணற்றுக் கட்டில் விழுந்து புருவம் பிளந்த மகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். வயசுக்கு வந்த பிள்ளை ஆம்பிளைகளுக்கு முன்னால் மேடை ஏறக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டுத்தான் பயணம் போயிருந்தார். தன் சொல்லை மீறியது ஒரு பக்கம். அறையில் உள்ளவர்களெல்லாம் தன் மகளின் முகத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னொரு பக்கம். அவரைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். அந்த அறையில் அந்த நேரம் எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர் அன்றைக்கே போன் எடுத்தார். அடுத்த நாளிலிருந்து பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது.

அதிபரின் அறையில் கூட்டம் வைத்தார்கள். பிள்ளையின் உம்மா, பெரிய வாப்பா, பெற்றார் சார்பில் இரண்டு பேர், டீச்சர், படம் எடுத்தவன் என்பதால் நான். பெரிய வாப்பா என் பக்கம்தான் முதலில் திரும்பினார். “நீ ஏன் மனே அதப் போட்டாய்?” என்றார். டீச்சர் குறுக்கே வந்தார். “அவர எடுக்கச் சொல்லித்தான் பாடசாலையால கூப்பிட்ட. அவர் எடுத்தார். வெளிச்சத்தக் கட்டினது நான். நான் கட்டினது சரியா இருந்திருந்தா எந்தக் கெமராவாலயும் அந்த மொகத்த எடுத்திருக்க ஏலா.” பிறகு அவர் சொன்னதை நான் இன்றைக்கும் நினைக்காத நாள் இல்லை. விழாவுக்கு முதல் நாள், அதே மண்டபத்தில், ஜன்னல்களை மூடி, மூன்று தாளையும் கட்டி, ஏழு பிள்ளைகளையும் வேஷத்தோடு மேடையில் நிறுத்தி, இந்த உம்மாவை வரவழைத்து முன்வரிசைக் கதிரையில் இருத்தியிருக்கிறார். “உங்கட மகள் எது, சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறார். பெற்ற உம்மாவுக்குத் தெரியவில்லை. இரண்டு தாளோடு முதலில் கேட்டபோது உம்மா சரியாகச் சொல்லிவிட்டாராம். அதனால்தான் மூன்றாவது தாள். அதன் பிறகுதான் உம்மா சம்மதித்தாராம். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இருந்த அந்த உம்மா, ஓம் என்று தலையை ஆட்டினார்.

அந்த இருட்டு வசதிக் குறைவால் வந்த இருட்டல்ல, ஒரு தாய்க்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் பை என் மடியில் இருந்தது. தாள்கள் அதற்குள் இருந்தன. சிப்பை இழுத்து அவற்றை மேசையில் வைக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். வைத்தால் என்ன நடக்கும் என்று அந்த நிமிடத்துக்குள் நான் எண்ணிப் பார்த்த வேகம் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. எந்தப் பாடசாலையும் இனி என்னைக் கூப்பிடாது; ஊர் முழுக்க என் பெயர் நாறும். டீச்சர் அரசாங்க உத்தியோகத்தர், அவருக்கு ஒன்றும் ஆகாது. இப்படியெல்லாம் ஓடியது புத்தி. நான் பையை மடியில் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். படத்தைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அதைப் பெரிய விட்டுக்கொடுப்பு மாதிரிச் சொன்னேன்.

வெளியே விறாந்தையில் டீச்சர் என்னை நிறுத்தினார். கோபம் ஒன்றும் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். “அண்டைக்கு உங்கட கெமரா எத்தன காட்டிச்சு தம்பி?” என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “அறுபதில ஒண்டு டீச்சர்” என்றேன். சொன்னது முழு உண்மை. ஆயுளில் நான் சொன்ன மிகக் கேவலமான பொய்யும் அதுதான். “அறுபதா?” என்றார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேசையில் விட்டுவந்த குடையை எடுக்க உள்ளே போய்விட்டார்.

பிள்ளை பரீட்சை நாட்களில் மட்டும் வந்தாள். உம்மா வாசல் வரை கூட்டிவந்து, முடியும் வரை மரத்தடியில் காத்திருந்து கூட்டிப்போனார். உயர்தர வகுப்புக்கு அவளை அனுப்பவில்லை. வலய மட்டப் போட்டிக்குத் தெரிவாகியிருந்த நாடகம் அத்தோடு நின்றது. டீச்சர் சொல் பிசகியவர் என்று ஊரில் ஒரு கதை கட்டிவிட்டார்கள். பெண் பிள்ளைகளை நம்பி அனுப்ப முடியாது என்று சில பெற்றார் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் உள்நாட்டுப் பக்கம் ஒரு சிறு பாடசாலைக்கு அவருக்கு மாற்றம் வந்தது. பிறகு மன்னாருக்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் மட்டும் எங்கும் போகவில்லை. என் ஸ்டூடியோ பெரிதானது. இரவல் வெளிச்சத்தில் எடுக்கும் படங்களுக்கு என்னைத் தேடி சிலாபத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

மனச்சாட்சி குத்தும்போதெல்லாம் தடவிக்கொள்ள என்னிடம் ஒரு மருந்து இருந்தது. டீச்சருக்குத் தெரியும் என்பதுதான் அது. அந்த விறாந்தைப் பார்வையில் எல்லாம் இருந்தது, அவ்வளவு கூர்மையான கண் உள்ளவர் இதை விளங்காமல் இருப்பாரா, விளங்கித்தான் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டார், எப்போதோ மன்னித்தும் விட்டார் என்று நானே தீர்ப்பு எழுதி நானே கையெழுத்து வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு வருடம் அந்த மருந்து நன்றாகவே வேலை செய்தது.

இன்றைக்குச் சனிக்கிழமை. காலையில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் ஸ்டூடியோவுக்கு வந்தாள். முன்பள்ளிக் கலை விழாவில் மகள் வண்ணத்துப்பூச்சியாக ஆடுகிறாளாம். “மண்டபம் இருட்டு நானா. ஆனா மொகம் தெளிவா வரணும். நீங்கதான் சரியெண்டு சொன்னாங்க” என்றாள், அண்ணன் முறைக்கு நானா போட்டு. கொப்பியில் நாளைக் குறித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் புருவத்தைப் பார்த்தேன். இரண்டாக வெட்டிய இடது புருவம். என் பேனை நின்றுவிட்டது. அவள் சிரித்தாள். “ஓம், நான்தான். அந்தப் படம் இருக்கா நானா? நான் ஒருக்காலும் பார்க்கல்ல. எல்லாரும் பார்த்த, நான் மட்டும் பார்க்கல்ல.”

பக்கத்திலிருந்து எடுத்தேனே தவிர அழிக்கவில்லை. திரையில் திறந்தேன். அவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மகள் மேசை விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்து, “இந்த அப்பா யாரு உம்மா?” என்று கேட்டது, எங்கள் பக்கத்தில் கிழவர்களை அப்பா என்றுதான் பிள்ளைகள் சொல்லும். அவள் திரையை நெடுநேரம் பார்த்தாள். “நான் நல்லாத்தான் நடிச்சிருக்கேன், என்ன?” என்றாள். பிறகு அவளாகவே கதைத்தாள். வாப்பா வந்து நான்கு வருடமாம், வீட்டில்தான் இருக்கிறாராம், பேத்தி என்றால் உயிராம். “ஆனா டீச்சரட பேர எடுத்தா எழும்பிப் போயிடுவார். வாக்குக் குடுத்துட்டு ஏமாத்தினவ எண்டு இண்டைக்கும் சொல்ற. தொழுதுட்டுப் பதுவா செய்யிறதையும் நான் காதால கேட்டிருக்கேன்.” அல்லாஹ்விடம் கையேந்தி ஒருவருக்குக் கேடு வேண்டுவதைத்தான் பதுவா என்போம். ஐந்து நேரத் தொழுகைக்குப் பிறகு, பன்னிரண்டு வருடமாக, ஆள் மாறிப் போய்க்கொண்டிருந்த பதுவா. அது வந்து சேர வேண்டிய விலாசம் என்னுடையது.

பையைத் திறந்து தாள்களை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தேன். என்ன செய்தேன் என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை, பாதியில் கெமராவின் எண்களைச் சொல்லத் தொடங்கிவிட்டது மட்டும் தெரியும். “அண்டைக்கு மேடையில நிக்கக்குள்ள கண்ணு கூசிச்சு. பயத்தில எண்டு நெனச்சேன்” என்றாள் மெதுவாக. தாள்களை மடிப்பு நீக்கி, இரண்டையும் சேர்த்துத் திரையின் மேல் வைத்துப் பிடித்தாள். முகம் போய்விட்டது. புருவம் இல்லை, தழும்பு இல்லை. தாடியும் தலைப்பாகையுமாக, விரலை நீட்டிக்கொண்டு, யாரோ ஒரு கிழவர் கடலில் இருந்தார். “இப்படித்தான் டீச்சர் வெச்சிருந்தாங்க” என்றாள். தாளை எடுத்தாள், வைத்தாள், திரும்ப எடுத்தாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

“டீச்சருக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். “தெரிஞ்சிருக்கும்” என்றேன். “நீங்க சொன்னீங்களா?” இல்லை என்றேன். பெருநாளுக்குப் பெருநாள் அவள் டீச்சரோடு கதைப்பாளாம். வாப்பாவுக்குத் தெரியாமல்தான். போனை எடுத்து அழுத்தி, ஸலாம் சொல்லி, இன்னார் கதைக்க வேண்டுமாம் என்று மட்டும் சொல்லி என் கையில் தந்தாள். “வாப்பாட்ட நாளைக்கு வந்து நீங்களே சொல்லணும். முதல்ல டீச்சர்ட்டச் சொல்லுங்க.”

குரல் மாறவே இல்லை. “எப்படி தம்பி, சுகமா?” என்று கேட்டார். சுகத்துக்குப் பதில் சொல்லாமல், “டீச்சர், அண்டைக்கு நீங்க கட்டின மூணு தாள்ல ரெண்டு என்ட பையில இருக்கு. நான்தான் கழட்டின” என்றேன். அந்தப் பக்கம் பிள்ளைகள் எங்கேயோ வாய்ப்பாடு சொல்வது மட்டும் கேட்டது. சனிக்கிழமையிலும் வகுப்பு வைத்திருந்தார் போல. உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன் டீச்சர் என்று உளறினேன்.

“எனக்கு எப்படித் தெரியும் தம்பி” என்றார். “நீங்க அறுபது எண்டீங்க. கெமரா பொய் சொல்லாதுதானே. என்ட கண்ணு பிழைச்சிட்டு எண்டு நெனச்சேன். ஒரு புள்ளட படிப்ப என்ட கண்ணு கெடுத்திட்டு எண்டு நெனச்சேன். அதுக்குப் பொறகு நான் நாடகம் ஒண்டும் போடல்ல. கேட்டவங்களுக்கு ஏலா எண்டு சொல்லிட்டேன்.”

பன்னிரண்டு வருடம் நான் தடவிக்கொண்டிருந்த மருந்து அந்த இடத்தில் தீர்ந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்கு இடம் தரவில்லை. வேறு எதையோ எண்ணிக்கொண்டிருப்பவர் மாதிரி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அப்ப அண்டைக்குப் பதினஞ்சில ஒண்டுதான், என்ன?”

“ஓம் டீச்சர். நீங்க சொன்னது சரி. பதினஞ்சில ஒண்டுதான்.”

“ம்” என்றார். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி போனை வைத்துவிட்டார். அந்தப் பெண் தாள்களைப் பழைய மடிப்பிலேயே மடித்து, வாப்பாவிடம் காட்ட வேண்டும் என்று தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் வெறும் பக்கப் பையின் சிப்பை இழுத்து மூடினேன். நாளைக்கு அசர் தொழுகைக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போக வேண்டும்.